ஒரே மெஷின், ஒரே நூல்: லாபம் மட்டும் ஏன் வேறு?

திருப்பூரில் ஒரே தெருவில் இரண்டு பனியன் கம்பெனிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நாற்பது தையல் மெஷின். இருவருக்கும் நூல் வருவது ஒரே மில்லில் இருந்து. சாயம் போடுவதும் ஒரே சாயப்பட்டறையில்தான். பையர், அதாவது ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்குகிறவர், கொடுக்கும் விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும்போது ஒருவர் அடுத்த மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் நூல் கடனை எப்படி அடைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். இது எப்படி நடக்கிறது?

சிறு, நடுத்தரத் தொழில்களைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியில் இருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது. கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் எல்லாம் சமமாக இருக்கும்போது, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் இருந்துதான் வரவேண்டும். அனுபவம், கைத்திறன், வேலை நடக்கும் முறை, சந்தையில் உள்ள பெயர், ஆட்களுக்குள் இருக்கும் நம்பிக்கை ஆகியவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏதோ ஒன்று. மேலாண்மைப் பாடத்தில் இவற்றை ‘புலப்படா அக வளங்கள்’ என்பார்கள்.

மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. காசு இருக்கிற யாரிடமும் அது வந்து சேரும். ஒருவர் துணி ஓரம் பிரியாமல் தைக்கும் நல்ல ஜப்பான் ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டு லாபம் பார்த்தால், பக்கத்துக் கம்பெனிக்காரர் அடுத்த மாதமே லோன் போட்டு அதே மாடலை இறக்கிவிடுவார். எல்லோரிடமும் இருக்கும் ஒன்றால் தொழிலில் நிற்க முடியும், மற்றவர்களை முந்த முடியாது.

இந்த வகையில் முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் எடித் பென்ரோஸ் என்ற பொருளியலாளர். ஒரு நிறுவனம் என்பது வளங்களின் தொகுப்பு, அதே வளத்தில் இருந்து ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பயனை எடுக்கிறது என்று 1959ல் அவர் எழுதினார். 1984ல் பிர்கர் வெர்னர்ஃபெல்ட் இந்தச் சிந்தனைக்கு ‘வளம் சார்ந்த பார்வை’ என்று பெயர் கொடுத்தார். 1991ல் ஜே பார்னி நான்கு சோதனைகளை வைத்தார். அந்த வளத்தால் பயன் இருக்க வேண்டும், அது எல்லோரிடமும் இருக்கக் கூடாது, பார்த்துக் காப்பி அடிக்கச் சுலபமாக இருக்கக் கூடாது, வேறொன்றை வைத்து அதன் இடத்தை நிரப்பிவிடவும் முடியக் கூடாது. ஓவர்லாக் மெஷின் முதல் சோதனையில் தேறும், இரண்டாவதிலேயே விழுந்துவிடும். இருபது வருடம் துணியோடு பழகிய கட்டிங் மாஸ்டர் நான்கிலும் ஏறக்குறையத் தேறிவிடுவார்.

ஏட்டளவில் நிற்கிற பேச்சும் இல்லை இது. 1990களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஹால் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் நிறுவனத் தலைவர்களிடம், உங்கள் வெற்றிக்கு எந்தப் புலப்படா வளம் அதிகம் உதவுகிறது என்று கேட்டார். நிறுவனத்தின் பெயர், பொருளின் பெயர், ஊழியர்களின் தொழிலறிவு ஆகிய மூன்றும் முன்னால் வந்து நின்றன. காப்புரிமையும் வணிக ரகசியமும் இவற்றுக்குப் பின்னால்தான்.

சரி, இந்தத் தொழிலறிவு எப்படிப் பணமாகிறது? அதைக் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பனியன் துணி இழுவைத் துணி. சாயம் போட்டு, துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் முடித்து ரோலாகச் சுற்றி வரும்போது அது இழுபட்ட நிலையில் இருக்கும். வந்த உடனே டேபிளில் விரித்து வெட்டினால், வெட்டும்போது அளவு சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் துணி தன் இயல்புக்குத் திரும்பிச் சுருங்கும். தைத்து முடித்த டி-ஷர்ட் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்து நிற்கும். அதனால்தான் விவரம் தெரிந்த கட்டிங் மாஸ்டர் ரோலைப் பிரித்துப் பல மணி நேரம் காற்றாட விடுவார். லைக்ரா கலந்த துணி என்றால் ஒரு நாள் முழுக்கவும் விடுவார். எந்தத் துணிக்கு எவ்வளவு நேரம் என்று அவர் எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார். கையில் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஷிப்மெண்ட் நெருங்கி மேலே இருந்து நெருக்கினாலும், “அண்ணா, இன்னிக்கு ராத்திரி ஆறட்டும், காலைல வெட்டறேன்” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருபது வருடம் இருக்கிறது.

அப்புறம் நம்பர் ஸ்டிக்கர். ஒரே கலர்தான், ஒரே சாயப்பட்டறைதான், ஆனாலும் ரோலுக்கு ரோல் லேசாக நிறம் மாறும். பல ரோல்களை அடுக்கடுக்காக விரித்து வெட்டும்போது முன்பக்கம் ஒரு ரோலிலும் கை இன்னொரு ரோலிலும் போய்விட்டால், தைத்த பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் கை தனியாகத் தெரியும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு அடுக்கில் இருந்து வந்த துண்டுகளுக்கும் ஒரே எண்ணை ஒட்டுவார்கள். டெய்லர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஸ்டிக்கருக்கு ஆகும் செலவு சொற்பம். மாலை ஆறு மணிக்கு மேல், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற பீஸ் ரேட்டில் வேகமாக ஓடும்போதும் எல்லோரும் எண் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்றால் அதுதான் அந்தக் கம்பெனியின் வளம்.

கணக்குக்காக ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 10,000 டி-ஷர்ட், ஒன்றுக்கு அடக்கவிலை 200 ரூபாய், மொத்தம் 20 லட்சம். இதில் 5 சதவீதம் லாபம் என்றால் கையில் நிற்பது 1 லட்சம். முதல் கம்பெனியில் 3 சதவீதம் பீஸ் கழிகிறது, அந்த லாபம் அதையும் கணக்கில் சேர்த்துத்தான். இரண்டாவது கம்பெனியில் 6 சதவீதம் கழிகிறது. வித்தியாசம் 300 பீஸ், அதாவது 60,000 ரூபாய் சரக்கு. அதைத் திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் செகண்ட்ஸாக, அதாவது குறையுள்ள சரக்காகப் பீஸ் 50 ரூபாய்க்குத் தள்ளினால் 15,000 திரும்பும். நிகர நட்டம் 45,000. இரண்டாவது கம்பெனியின் லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. நூல் விலையும் மெஷினும் கூலியும் மாறவே இல்லை. துணி ஆறுவதற்கு முன்பே வெட்டியதும், எண் பார்க்காமல் சேர்த்ததும் மட்டும்தான் காரணம். கழிந்ததற்கு ஈடாக மறுபடி தைக்கப்போய் கப்பலைத் தவறவிட்டு, சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் மீதி லாபமும் காலி.

பெரிய நிறுவனம் இப்படி ஒரு ஆர்டர் போனால் தாங்கும். சின்ன கம்பெனிக்கு லாபமே மெல்லிசு. அதனால்தான் புலப்படா வளத்தின் ஏற்றத்தாழ்வு சிறு தொழிலில் இவ்வளவு சீக்கிரம் கல்லாவில் தெரிகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கருத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன கட்டிங் மாஸ்டரின் அறிவு உண்மையில் கம்பெனியுடையதா? அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய், போன இடத்தில் வேறு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்த இருபது வருடமும் அவரோடு போய்விடும். கம்பெனியில் மிஞ்சுவது டேபிளும் கத்தியும். பெரும்பாலான சிறு தொழில்களில் நிலைமை இதுதான். விலை பேசும் திறமை முதலாளி தலையில், பையரோடு பேசும் பழக்கம் ஆர்டரைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் தலையில், துணியின் குணம் மாஸ்டர் கையில். ஆளிடம் இருப்பது வேறு, நிறுவனத்திடம் இருப்பது வேறு. ஆய்வாளர்கள் முதலாவதை மனித மூலதனம் என்றும், ஆள் வீட்டுக்குப் போன பிறகும் கம்பெனியில் தங்குவதை அமைப்பு மூலதனம் என்றும் பிரிக்கிறார்கள். வாடிக்கையாளர், சப்ளையரோடு உள்ள பந்தம் உறவு மூலதனம். ஸ்வீடனின் ஸ்கான்டியா காப்பீட்டு நிறுவனம் 1990களில் இந்த மாதிரி விஷயங்களைத் தன் அறிக்கையிலேயே எழுத ஆரம்பித்தபோது இந்தச் சொற்கள் பரவின.

அறிவு ஆளிடம் இருந்து நிறுவனத்துக்கு எப்படி மாறும் என்பதற்கு ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருக்கும் ஊசி ரிஜிஸ்டரைச் சொல்லலாம். தைக்கும்போது ஊசி உடைந்தால் முனை துணிக்குள் மாட்டிக்கொள்ளும். குழந்தைகள் உடையில் அது போனால் விபரீதம். அதனால் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதி, மெஷின் எண், நேரம் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த இடத்தில் உள்ள பீஸ்களைத் தனியாக எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு அனுபவசாலிக்குத் தெரிந்த எச்சரிக்கை, நேற்றுச் சேர்ந்த டெய்லரும் பின்பற்றும் வழக்கமாக மாறிவிட்டது. அனுபவசாலி போனாலும் வழக்கம் இருக்கும். ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றின் 2015 பதிப்பில் ‘நிறுவன அறிவு’ என்று தனி விதியே சேர்த்தார்கள். வேலை நடக்கத் தேவையான அறிவு எது என்று கண்டு, அதைக் காத்து, தேவைப்படுகிறவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட முடியாது. துணியைக் கையில் பிடித்துச் சொல்லும் அறிவு, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத்தான் வரும். பழைய பனியன் கம்பெனிகளில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று கற்று டெய்லரானவர்கள் நிறைய. ஒரு மாஸ்டருக்குக் கீழே எப்போதும் இருவரை நிறுத்தி வைப்பது பார்ப்பதற்குக் கூடுதல் கூலி மாதிரி தெரியும். உண்மையில் அது மாஸ்டரின் அறிவுக்குக் கட்டும் இன்சூரன்ஸ்.

இதோடு சேர்ந்து வருவது காலம் பற்றிய விஷயம். மெஷினை ஒரே நாளில் இரட்டிப்பாக்கலாம், அனுபவத்தை அப்படிச் செய்ய முடியாது. இங்கெமார் டியரிக்ஸ், கரேல் கூல் என்ற இருவர் 1989ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். சில வளங்களைச் சந்தையில் வாங்க முடியாது, சேர்த்துத்தான் வைக்க முடியும். பத்து வருடத்தில் சேர்வதை இரண்டு வருடத்தில் சேர்க்க நினைத்தால் செலவுதான் கூடும், அதே தரம் கிடைக்காது. பென்ரோஸும் அதற்கு முன்பே இதன் மறுபக்கத்தைச் சொல்லியிருந்தார். நிறுவனம் வளரும் வேகத்துக்கு எல்லை போடுவது பணம் மட்டுமே இல்லை. புதிதாக வரும் மேலாளர்கள் பழையவர்களோடு சேர்ந்து வேலை பழக எடுத்துக்கொள்ளும் காலமும் ஓர் எல்லை.

நாற்பது மெஷினில் நன்றாக ஓடிய கம்பெனி பெரிய ஆர்டரை நம்பி நூற்றைம்பது மெஷின் போட்டதும் தடுமாறுவதைத் தொழில் ஊர்களில் எங்கும் பார்க்கலாம். கடன்தான் காரணம் என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். பல நேரம் உள்ளே நடப்பது வேறு. நாற்பது மெஷினை முதலாளியே நடந்து பார்த்துவிடுவார், தவறு எங்கே என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். நூற்றைம்பதுக்கு நான்கு சூப்பர்வைசர் வேண்டும், அந்த நான்கு பேருக்கும் முதலாளியின் கண் இன்னும் வந்திருக்காது. மெஷின் வளர்ந்த வேகத்தில் கண் வளரவில்லை. விரிவாக்கத் திட்டம் போடும் எல்லோரும், மெஷின் கொட்டேஷன் வாங்குவதற்கு முன் சூப்பர்வைசர் யார் என்று பெயர் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சந்தையில் உள்ள பெயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். திருப்பூரில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் நடப்பது குறைவு. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி வேறிடம் என்று ஜாப் ஒர்க்காகவே வேலை ஓடும். சீசன் நேரத்தில் சாயப்பட்டறையில் மெஷின் காலி இருக்காது. யாருடைய துணி முதலில் உள்ளே போகும்? சொன்ன தேதியில் பணம் கொடுக்கிறவருடையது. பட்டறை தவறு செய்தால் கத்தாமல் பேசித் தீர்க்கிறவருடையது. இந்த நற்பெயர் எந்த ரசீதிலும் வராது, ஆனால் நான்கு நாள் முன்னதாகத் துணியைக் கொண்டு வந்து சேர்க்கும். சட்டமும் இதில் கொஞ்சம் உதவ முயன்றிருக்கிறது. 2006ம் ஆண்டு சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட தவணை எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து கொடுக்கிறவருக்கும் பேச்சுக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் பட்டறைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொன்னதும் புலப்படா வளம் என்றாலே நல்லது என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு காலத்தில் பலமாக இருந்த அறிவே பிறகு தளையாகவும் மாறும். டோரதி லெனார்ட்-பார்ட்டன் 1992ல் இந்தப் பக்கத்தைத்தான் ஆராய்ந்தார். திருப்பூரின் கைவந்த கலை பருத்தி. உலகச் சந்தையோ விளையாட்டு உடை, பாலியஸ்டர் என்று செயற்கை இழை பக்கம் பெரிதாகச் சாய்ந்திருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரி வாக்கில் வேலை செய்யும். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், அழுத்தத்தில் 130 டிகிரி வரை போக வேண்டும். வேகமாகத் தைத்தால் ஊசிச் சூட்டிலேயே இழை உருகும். பருத்தியில் முப்பது வருடம் பழகியவர் இங்கே பாதி விஷயங்களில் புதியவர். “நமக்குத் தெரியாததா” என்ற எண்ணம் வந்துவிட்டால் பழைய அனுபவமே புதியதைக் கற்கவிடாது.

ஆனால் கற்க முடியும் என்பதற்கும் அதே ஊர் சாட்சி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு வந்தால்தான் திறக்கலாம். ஊரே ஸ்தம்பித்தது. பட்டறைக்காரர்களும் தொழிலாளர்களும் அப்போது பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை, ஆற்றோரத்து விவசாயிகள் அதற்கு முன் பல வருடம் பட்டதும் கொஞ்சமில்லை. தண்ணீரைச் சவ்வு வழியாகச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவது, மிஞ்சும் உப்புக் கரைசலை மீட்டுச் சாயத்துக்கே திரும்ப எடுப்பது என்று அதற்கு முன் சாயப்பட்டறைக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்களைப் படித்துத்தான் மீண்டும் திறந்தார்கள். வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இருவர் 1990ல் சொன்ன ‘உள்வாங்கும் திறன்’ இதுதான். புதியதைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் அறிவு இருக்க வேண்டும். வேதியியல் தெரிந்த ஒருவரையாவது வைத்திருக்கும் பட்டறைக்கும், சாய வியாபாரி சொன்னதை அப்படியே போட்டுவரும் பட்டறைக்கும் இந்த இடத்தில் வேகம் ஒன்றாக இருக்காது.

கணக்குப் புத்தகம் இதில் எதையும் காட்டாது. இந்தியக் கணக்கியல் தர விதிப்படி, நிறுவனம் தனக்குள்ளேயே வளர்த்த பெயரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் சொத்தாகக் காட்டக் கூடாது. 2 லட்சத்துக்கு மெஷின் வாங்கினால் சொத்து. அதே 2 லட்சத்தில் டெய்லர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அந்த வருடச் செலவு. அரசு ஒரு நிறுவனத்தைச் சிறியது என்று வகைப்படுத்துவதும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான். 2025 ஏப்ரல் முதல் இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். அளவிட முடியாததை விதியில் எழுத முடியாது என்பது நியாயம்தான். ஆனால் முதலாளியும் அந்தத் தாளை மட்டுமே பார்த்து முடிவெடுத்தால், கஷ்டம் வரும்போது முதலில் வெட்டுவது பயிற்சியையும் பழைய ஆட்களையும்தான். அதன் விலை ஆறு மாதம் கழித்துச் செக்கிங் டேபிளில் தெரியும்.

அப்படியென்றால் சின்ன கம்பெனி இதை எப்படிக் கவனிப்பது? பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஆளாக நினைத்து, இவர் பத்து நாள் வராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று கேட்டுப் பார்க்கலாம். நிற்கும் வேலைகள் எவை என்று தெரிந்தால், அறிவு எங்கே பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஸ்டைல் முடிந்ததும் ஃபைலில் ஒரு பக்கம் எழுதலாம்: என்ன நூல், என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), எவ்வளவு சுருங்கியது, எங்கே தவறு வந்தது, எப்படிச் சரி செய்தோம். அடுத்த வருடம் அதே மாதிரித் துணி வரும்போது அந்தப் பக்கம் பணம் கொடுக்கும். ஆட்கள் தவறைச் சொன்னால் திட்டு விழும் கம்பெனியில் இந்தப் பக்கம் பொய்யாகத்தான் இருக்கும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

அளந்து பார்க்கவும் சில எண்கள் உண்டு. மொத்த ஆர்டரில் பழைய பையர்களிடம் இருந்து திரும்ப வந்தது எவ்வளவு என்பது சந்தையில் உள்ள பெயரின் அளவு. மறுபடி தைக்கும் பீஸ் மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்பது கற்றுக்கொள்வதன் அளவு. புதிய டெய்லர் டார்கெட்டைத் தொட எத்தனை வாரம் எடுக்கிறார் என்பது, அறிவு ஆளிடம் இருந்து கம்பெனிக்கு வந்துவிட்டதா என்பதன் அளவு. எல்லாவற்றையும்விட நேர்மையான எண் தீபாவளிக்குப் பிறகு கிடைக்கும். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒவ்வொரு வருடமும் எழுதி வைத்து, அந்த வருட லாபத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்று நான்கு வருடக் கணக்கு சேர்ந்தால், அடுத்த முதலீடு மெஷினுக்கா ஆட்களுக்கா என்பதை முடிவு செய்ய அந்தத் தாளே போதும்.